எழுபது லிட்டர்

எண்ணெய் மேட்டை நோக்கி ஓடியிருந்தது.

துணை மின்நிலையத்தின் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தவள் வெயிலுக்குப் பிடித்த குடையை மடக்க மறந்து அப்படியே நின்றாள். பதினைந்து வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. எங்கே டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தாலும், விரிசல் விட்டாலும், சிந்திய ஆயிலை வாரி எடுத்துத் தரையைச் சுத்தம் செய்து, ஏன் சிந்தியது என்று அறிக்கை எழுதுவாள். எண்ணெய்க்குச் சொந்தப் புத்தி கிடையாது; பள்ளம் எங்கேயோ அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். இங்கே தரையையே அதற்காகச் சரிவாகப் போட்டிருந்தார்கள். எந்த மூலையில் சிந்தினாலும் பின்பக்கத் தொட்டியில்தான் போய் விழ வேண்டும். தொட்டியில் மழைத்தண்ணீரும் இரண்டு தவளைகளும்தான் இருந்தன. எண்ணெய் டிரான்ஸ்ஃபார்மரின் அடி மூலையிலிருந்து கிளம்பி, ஜல்லியைக் கடந்து, சரிவில் ஏறி, கேட்டுக்கு அடியில் நுழைந்து வெளியே போயிருந்தது. ஒரு ஆள் அகலம். இரண்டு பக்கமும் சிதறல் இல்லாமல், நேராக.

"எப்ப பார்த்தீங்க?" என்று கேட்டாள்.

"காலையில அஞ்சரைக்கு மேடம்," என்றார் ஆபரேட்டர். ஊரில் கரண்ட் போனாலும் அவர் பேச்சு நிற்காது என்பதால் அவருக்கு ரேடியோ என்று பெயர். இன்று அந்த ரேடியோவை யாரோ அணைத்துவிட்டிருந்தார்கள். "முந்தாநாள் ட்ரிப் ஆச்சு. அன்னிக்கு ஒரு சொட்டு ஒழுகல. நானே சுத்தி வந்து பார்த்தேன். இன்னிக்குக் காலையில இப்படி."

"லைனைக் கழட்டியாச்சா?"

"முந்தாநாளே. ரெண்டு பக்கமும் கழட்டி எர்த் போட்டாச்சு."

"அப்புறம் அது என்ன சத்தம்?"

ரேடியோ கீழே பார்த்தார். "அதைத்தான் நானும் ரெண்டு நாளா கேட்டுட்டிருக்கேன்."

உயிரோடிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் முணுமுணுக்கும். அது அவளுக்குப் பழகிய ஓசை, தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வாள். ஆனால் இது ஒரே சீராக வரவில்லை. வாயை மூடிக்கொண்டு யாரோ 'ம்ம்ம்' என்பதுபோலத் தொடங்கி, மூச்சு முட்டியதுபோல நின்று, மறுபடி தொடங்கியது. காற்றில் கம்பி அதிர்கிறது என்று சொல்லிக்கொண்டாள். மழைக்கு முந்தைய அந்தப் பிற்பகலில் ஓர் இலைகூட அசையவில்லை.

குனிந்து அடி மூலையைப் பார்த்தாள். இரும்பு கிழிந்திருந்தது. உள்ளங்கை நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. அதன் உதடுகள் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. உள்ளே மின்பொறி தெறித்தால் வாயு சேரும், அழுத்தம் ஏறும், தகடு வெளியே பிதுங்கும். அறிக்கைக்கு அந்த ஒரு வரி போதும். கையுறையோடு விரலை எண்ணெயில் வைத்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது. உடம்புச் சூடு.

எழுந்து கையைக் கால்சட்டையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டாள்.

டேங்கர் வந்தது. பம்புக்காரர் குழாயைச் சொருகி, அடியில் பிளவிருந்தும் ஏனோ ஒழுகாமல் டிரான்ஸ்ஃபார்மரில் மிச்சமிருந்த ஆயிலை உறிஞ்ச ஆரம்பித்தார். அவருடைய ஆட்கள் நனைந்த ஜல்லியை வாரி டிரம்மில் போட்டார்கள். கேட்டுப் பக்கம் போன தடத்தை அவளே எடுத்துக்கொண்டாள். மற்றவர்களை அதன்மேல் விட ஏனோ மனம் வரவில்லை. மூட்டையைப் பிரித்து மரத்தூளைத் தூவினாள். வழக்கமாக மரத்தூள் நொடியில் குடித்துக் கறுத்துவிடும். இங்கே அது மஞ்சளாக, உலர்ந்தபடி, மேலே மிதந்தது. பஞ்சுப் பாயை விரித்து அழுத்தித் தேய்த்தாள். சிமெண்ட் வெளுத்தது. அடுத்த பாயை எடுக்கத் திரும்பினாள். திரும்பிப் பார்த்தபோது வெளுத்த இடம் மறுபடி பளபளத்தது. அடியிலிருந்து ஊறியதா, பக்கத்திலிருந்து வந்ததா, பார்க்கவில்லை.

"பழைய ஃபைல் கேட்டீங்களே மேடம்," ரேடியோ ஒரு தடித்த பதிவேட்டோடு வந்தார். "கடைசியா மூடி திறந்தது ஆறு வருஷம் முன்னாடி. உங்க கையெழுத்துதான் இருக்கு."

அவளுக்கு அது தெரியும். தெரிந்துதான் வந்திருந்தாள். வேறு யாரையாவது அனுப்பச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

பதிவேட்டைப் பிரித்தாள். எண்ணெய் நிரப்பும் பொறுப்பு: அவள். உள்ளே இறங்கி போல்ட் முடுக்கிய ஃபிட்டர்கள்: மூன்று பேர். மூன்றாவது பெயர் அவள் தம்பியுடையது. அதற்குக் கீழே, டிரான்ஸ்ஃபார்மர் டேங்கின் கொள்ளளவு எட்டாயிரம் லிட்டர். அன்று நிரப்பியது ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது.

எழுபது லிட்டர் குறைவு.

பக்கத்தில் அவளே சின்ன எழுத்தில் எழுதியிருந்தாள்: 'மீட்டர் பிழை.'

அந்த நாள் அவளுக்கு நிமிஷம் பிசகாமல் நினைவிருக்கிறது. காலையில் எல்லார் முன்னாலும் தம்பியைத் திட்டினாள். ஸ்பானரை உள்ளேயே விட்டுவிட்டு ஏறி வந்திருந்தான். "செய்யற வேலையில புத்தி இல்லைன்னா வீட்டுக்குப் போடா, அம்மா ஊட்டி விடுவாங்க," என்றாள். ஆட்கள் சிரித்தார்கள். அவன் முகம் சிவந்தது. ஏணி சாத்தியிருந்த டிரான்ஸ்ஃபார்மரின் பின்பக்கம் நடந்து போனான். கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவன் அப்படிப்பட்டவன்தான், அதற்கு முன்பே இரண்டு முறை சொல்லாமல் கொள்ளாமல் வேறு ஊருக்குப் போய், மாதம் கழித்து இளைத்து வந்து நின்றிருக்கிறான். மதியம் வானம் இருட்டியது. திறந்த டேங்கில் ஈரம் இறங்கினால் ஒரு வார வேலை பாழ். "மூடுங்க, மூடுங்க" என்று அவசரப்படுத்தினாள். 'உள்ளே ஆள் இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். டார்ச் அடித்துப் பார்க்கவில்லை.

பம்பு ஓடத் தொடங்கியதும் இரும்பில் ஏதோ தட்டியது. டக். டக். டக். குழாயில் காற்று மாட்டினால் அப்படித்தான் கேட்கும். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது.

குழாயில் காற்று. ஆறு வருடமாக, படுக்கையில் புரளும்போதெல்லாம், அவள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அம்மா ஒவ்வொரு பொழுதும் தம்பி எந்த ஊரில் என்ன சாப்பிட்டானோ என்று புலம்பும்போதும், மனதுக்குள் இதைத்தான் சொல்வாள். அவன் எங்கேயோ இருக்கிறான். கோபம் தணிந்தால் வருவான்.

"மேடம்!" பம்புக்காரர் டேங்கின் மேலிருந்து கூப்பிட்டார். "காலி ஆயிடுச்சு. மூடியைக் கழட்டட்டுமா, நாளைக்குப் பார்த்துக்கலாமா?"

நாளைக்கு என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"கழட்டுங்க."

மழை பிடித்துக்கொண்டது. பெரிய சொட்டுகள் இரும்பில் விழுந்து வெடித்தன. இருபத்து நான்கு போல்ட்டுகள். ஒவ்வொன்றும் கிறீச்சிட்டுக் கழன்றது. அவள் ஏணியில் ஏறினாள். மூடி நகர்ந்ததும் உள்ளிருந்து ஒரு காற்று எழுந்து அவள் முகத்தில் பட்டது. கருகிய காகிதத்தின் வாடை, பழைய எண்ணெயின் வாடை, அவற்றுக்கு அடியில் தலையணை உறையில் ஒட்டியிருக்குமே, அந்த மனித வாடை. முணுமுணுப்பு நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

டார்ச்சை உள்ளே காட்டினாள்.

ஆள் இல்லை.

சிரிப்புகூட வந்தது அவளுக்கு. ஆள் இல்லை. எலும்பில்லை. துணியில்லை. எழுபது லிட்டர் ஓர் ஆள் அடைத்த இடமில்லை, மீட்டர் பிழைதான். அந்த மீட்டரை உடைத்துப் போட வேண்டும். வெளிச்சத்தைச் சுவரில் ஓட்டினாள்.

ஆறு வருட எண்ணெய்க் கசடு சுவரில் கறுப்பாகப் படிந்திருந்தது. அதில் கைகள். ஐந்து விரல், ஐந்து விரல், ஐந்து விரல். மூடியின் விளிம்புக்குக் கீழே நூற்றுக்கணக்கில், ஒன்றன்மேல் ஒன்றாக, வழுக்கி இறங்கிய கோடுகளோடு. பிறகு கொஞ்சம் கீழே. இன்னும் கீழே. கடைசியில் அடி மூலையில், பிளவைச் சுற்றி, அடையடையாக.

பிளவுக்கு முன்னால் ஒரு ஜோடி பூட்ஸ் நின்றது. லேஸ் முடிச்சு அவிழாமல்.

முடிச்சை அவிழ்க்காமலேயே கால் வெளியே வந்திருந்தது. உள்ளங்கை அகலப் பிளவில் எலும்பும் சதையுமாக ஓர் ஆள் நுழைய முடியாது. எண்ணெய் நுழையும்.

"என்ன மேடம்? என்ன இருக்கு?"

இறங்கினாள். ஏணியின் கடைசிப் படி தவறியது. எழுந்தாள். தடத்தைப் பார்த்தாள். இத்தனை மழையிலும் அது கலையவில்லை. தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு ஓடியது.

ஸ்கூட்டரை எடுத்தாள். ரேடியோ பின்னால் ஏதோ கத்தினார்.

தெருவிளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. ஈரத் தாரில் வானவில் நிறத்தில் ஒரு பட்டை மினுக்கிக்கொண்டு முன்னே போனது. மேம்பாலத்தின் அடியில் போனது. பள்ளிக்கூட மதிலை ஒட்டிப் போனது. இதற்குப் பிறகு வலப்பக்கம் திரும்பக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள். வலப்பக்கம் திரும்பியது. மருந்துக்கடை முனையில் வழக்கமாக அவள் குறுக்கே புகும் சந்து ஒன்று இருக்கிறது. அவளுக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்த வழி என்று சின்ன வயதில் பெருமையடித்துக்கொள்வார்கள்.

சந்துக்குள் போனது.

பையில் போன் அடித்தது. அம்மா.

"எங்கடி இருக்க? சீக்கிரம் வா." அம்மாவின் குரல் இப்படிக் குழைந்து அவள் கேட்டு ஆறு வருடம் ஆகிறது. "யாரு வந்திருக்கா சொல்லு பார்ப்போம்?"

ஸ்கூட்டரைச் சந்தின் சுவரோரம் நிறுத்தினாள்.

"தம்பி வந்துட்டான்டி. மத்தியானம் வந்தான். வாசல்லயே நின்னான், உள்ள வாடான்னு நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறான், பாவம். எங்க விழுந்து எழுந்தானோ, உடம்பெல்லாம் வழுவழுன்னு என்னமோ பூசியிருக்கு. மூணு டவல் ஆச்சு, போகவே மாட்டேங்குது."

"அம்மா." போனைக் காதோடு அழுத்தினாள். "அம்மா, அவனைத் தொடாத. வெளியே வந்துடு. பக்கத்து வீட்டுக்குப் போ."

"ஏன்டி? இன்னுமா கோவம்?" அம்மா குரலைத் தாழ்த்தினாள். "அவன் உன் மேல கோவமாவே இல்ல. நீ எப்ப வருவேன்னுதான் வாசலையே பார்த்துட்டிருந்தான். வா. சரி, வெச்சுடறேன், தலையை இன்னும் துவட்டல."

"அம்மா—"

வைத்துவிட்டாள்.

ஸ்கூட்டரை எங்கே போட்டாள் என்று தெரியாது. மாடிப்படி. முதல் படியில் பளபளப்பு. இரண்டாவதில். கைப்பிடியில் ஐந்து விரல். முதல் மாடி. பக்கத்து வீட்டில் தொலைக்காட்சி, யாரோ சிரிக்கிற சத்தம். இரண்டாம் மாடி. கதவு திறந்திருந்தது. வாடை. கருகிய காகிதம். எண்ணெய். தலையணை.

ஓடியிருக்கலாம். கால் உள்ளே போனது.

கூடத்தில் டியூப்லைட் எரிந்தது. அம்மா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்; அவளுக்கு முன்னால், வாசலுக்கு முதுகைக் காட்டியபடி, தரையில் அவன் உட்கார்ந்திருந்தான். அதே தோள். அதே ஒட்ட வெட்டிய பின்னந்தலை. அம்மா டவலால் மெல்ல, மிக மெல்ல, குழந்தைக்குத் துவட்டுவதுபோலத் துவட்டிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை அவள் கைகள் கறுப்பாக இருந்தன. சுற்றிலும் துணிகள் குவிந்து கிடந்தன: டவல்கள், படுக்கை விரிப்பு, அம்மாவின் புடவைகள், எல்லாம் ஊறிக் கனத்து.

"வந்துட்டியா?" அம்மா நிமிர்ந்து சிரித்தாள். "பாருடா, அக்கா வந்துட்டா."

அவன் திரும்பவில்லை. திரும்பக் கழுத்தில்லை, அது தோளோடு கரைந்திருந்தது. அம்மா துடைத்தாள். ஒரு காது டவலோடு வந்தது. மறுபடி துடைத்தாள். பின்னந்தலை கொஞ்சம் தேய்ந்தது. துடைக்கத் துடைக்க அவன் குறைந்துகொண்டே வந்தான். அம்மாவுக்கு அது தெரியவில்லை. நன்றாகச் சுத்தமாகிறான் என்ற திருப்தியில், டவலைப் பிழிந்து உதறிவிட்டு, மோவாயைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

அந்த முகத்தில் மிச்சமிருந்தது வாய் மட்டும். அது திறந்தது. அக்கா என்று சொல்ல முயன்றது. சொல்லுக்குப் பதிலாக வெதுவெதுப்பாக, கறுப்பாக, நிற்காமல் வழிந்தது.

"வாயைத் துடைச்சு விடுடி," என்று அம்மா டவலை நீட்டினாள்.