இரும்புத் தலைக்குக் கண் இல்லை!

"ஐயோஓஓ...!"

அந்த அலறலில் பங்களா ஓட்டின் மேலிருந்த காக்கைகள் மொத்தமாக எழும்பின.

ஏற்காட்டில் பனி இறங்கிய காலையில் பக்கத்தில் நிற்கிற மாடுகூடத் தெரியாது. ஆனால் சத்தம் மட்டும் சுத்தமாகக் கேட்கும். கொட்டச்சேடு ரோட்டில் பால் கேனோடு போன சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்றே விட்டார்.

கத்தியவள் கிருஷ்ணம்மாள். எஸ்டேட் பங்களாவின் சமையல்காரி.

அவள் கத்தியதற்குக் காரணம் வராந்தாவில் கிடந்தது.

எஸ்டேட் முதலாளி ஸ்தனிஸ்லாஸ்! பிரம்பு நாற்காலி கவிழ்ந்து, காபி டம்ளர் உருண்டு... நெஞ்சில் கவாத்துக் கத்தி!

காபிச் செடியைக் கழிக்கிற கத்தி. இன்று ஆள் மாறிவிட்டது.

இன்ஸ்பெக்டர் கருப்பண்ணன் வந்து சேர்ந்தபோது கிருஷ்ணம்மாள் வராந்தாத் தூணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பயப்படாம சொல்லும்மா. யாரைப் பார்த்தே?"

"இரும்பு மனுசனுங்க சார்!"

"என்னது?"

"ஹால்ல நிக்குதில்லீங்களா... அதேதானுங்க! தலை இரும்பு, நெஞ்சு இரும்பு, கை இரும்பு. இடுப்புக்குக் கீழே கம்பளி சுத்தியிருந்துச்சுங்க. பனிக்குள்ளாற இருந்து வந்து படியேறுச்சு. முதலாளி வெளையாட்டுன்னு நெனைச்சுச் சிரிச்சாருங்க. அப்புறம்..."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கருப்பண்ணன் ஹாலுக்குள் போனார்.

மரச் சட்டத்தில் மாட்டி நின்றது அந்தக் கவசம். அந்தக் காலத்து வெள்ளைக்காரப் படைவீரன் குதிரைமேல் போட்டுக்கொண்டு போவானே, அந்தத் தினுசு. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை பளபளக்கும் தகடு. முகத்தகடு மூடியிருந்தது. வலது கை உறையில் ரத்தம்!

"இதைத் தொடாதீங்க சார்," என்றாள் பின்னாலேயே வந்த கான்ஸ்டபிள் செல்வி. "கைரேகைக்காரங்க இன்னும் சேலத்துல இருந்து வரலை."

"எனக்கே பாடமா?" நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"யோசிக்க இதுல என்ன சார் இருக்கு?"

குரல் வாசலிலிருந்து வந்தது. நிலையில் இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தான் பெலிக்ஸ். ஸ்தனிஸ்லாஸின் அக்கா மகன். கண்கள் சிவந்திருந்தன. அழுதானோ, கசக்கினானோ!

"மாமா லாட்ஜ் ஆரம்பிக்க இருந்தார். வர்றவங்க பார்த்து அசரட்டும்னு இதைச் செய்யச் சொன்னார். செஞ்சது ஒண்டிக்கடையில டிங்கர் ஷெட் வெச்சிருக்கற மருதாயி. அளவு எடுத்தது அவ புருஷன் சித்தன் உடம்புல. நேத்து சாயங்காலம் கொண்டுவந்து நிறுத்தினாங்க. கிளம்பறப்போ சண்டை!"

"என்ன சண்டை?"

"நெஞ்சுத் தகட்டுல தன் பேரைப் பொறிப்பேன்னு மருதாயி நின்னா. மாமா முடியாதுன்னுட்டார். சீமையில இருந்து வந்த நானூறு வருஷத்துக் கவசம்னு சொல்லப்போறேன், உன் பேரு எதுக்குன்னு கேட்டார். சித்தனுக்கு வந்ததே கோபம்! 'இரும்புச் சட்டை மாட்டுனாலும் எமனுக்கு வழி தெரியும்'னு கத்தினான். வீடே கேட்டுது."

"நீங்க இதைப் போட்டுப் பார்த்தீங்களா?"

"நானா? சேச்சே! வந்ததுல இருந்து கிட்டக்கூடப் போகலை சார்."

* * *

சித்தனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஆறடி உயரம், அதற்கேற்ற கோபம். ஆனால் கையில் விலங்கு விழுந்ததும் கெஞ்ச ஆரம்பித்துவிட்டான்.

"ஊட்டுல தூங்கிட்டிருந்தேனுங்க சார்!"

"சாட்சி?"

"எம்பொண்டாட்டிதானுங்க."

"நல்ல சாட்சி! மத்தியானம் சேலம் கோர்ட்டு. அப்புறம் ஜெயில். அங்கே தூங்கு."

"நிறுத்துங்க சார்!"

எல்லோரும் திரும்பினார்கள்.

மருதாயி! மேட்டில் ஓடி வந்ததில் மூச்சு இரைத்தது. சேலைக்கு மேலே காக்கிச் சட்டை. கையில் சுத்தியல்.

"மொதல்ல சுத்தியலைக் கீழே போடும்மா!"

"போட மாட்டேனுங்க. உங்க கையில லத்தி இருக்குதில்லீங்க? அது உங்க தொழிலு, இது என் தொழிலு."

செல்வி சிரிப்பை அடக்க இருமினாள்.

"இதை நீயா செஞ்சே? ஒரு பொம்பளையா?"

"ஏனுங்க, அடிக்கறது ஆம்பளையா பொம்பளையான்னு தகடு கேக்குதுங்களா?"

கேட்காதுதான். வாய் இருந்தால் அந்தத் தகடு நிறைய சொல்லியிருக்கும். காலண்டர் அட்டையைச் சித்தன் உடம்பில் வைத்து வெட்டி அளவெடுத்தாள். சில்வர் ஓக் கட்டையில் குழி தோண்டி, அதன்மேல் தகட்டை வைத்துத் தட்டித் தட்டி நெஞ்சுக்கு வளைவு கொண்டுவந்தாள். தோள்பட்டைக்குப் பூரான் முதுகு மாதிரி சின்னச் சின்னப் பட்டை வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்க ரிவிட் அடித்தாள். முதல் தோள்பட்டை கையைத் தூக்க விடவில்லை. தூக்கி எறிந்துவிட்டு மறுபடி செய்தாள். கடைசியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பனியில் துரு ஏறாமல் இருக்கத் தேங்காயெண்ணெய் பூசினாள். விரலில் நகம் இருந்த இடம் எது, காயம் எது என்று அவளுக்கே குழப்பம்.

"எம்புருசன் இதைப் போட்டுக்கிட்டுக் குத்துனாருன்னு எவன் சொன்னது?"

"கிருஷ்ணம்மாள் கண்ணால பார்த்திருக்கா. அளவு உன் புருஷனோடது. வேற என்ன வேணும்?"

மருதாயி கவசத்தைப் பார்த்தாள். சித்தனைப் பார்த்தாள். அவன் கை விலங்கைப் பார்த்தாள். இந்த மனுஷன் ஒரு கோழியை அறுக்கவே அடுத்த வீட்டு ஆளைக் கூப்பிடுகிறவன்!

சட்டென்று சிரித்தாள்.

"போட்டுக்கிட்டு எப்படிங்க சார் நடப்பாரு? இது குருடுங்க!"

"என்ன உளர்றே?"

"மூஞ்சித் தகட்டைப் பாருங்க. கண்ணு எங்கீங்க இருக்குது?"

கருப்பண்ணன் நேரே போய் நின்று உற்றுப் பார்த்தார். லத்தி முனையால் நெற்றியிலிருந்து தாடை வரை தடவினார். மூச்சுக்குக் கன்னத்தருகே நாலைந்து பொட்டுத் துளை. கண்ணுக்கு?

இல்லை! நெற்றிப் பட்டைக்குக் கீழே மொழுமொழுவென்று தகடு!

"நான் இன்னும் கண்ணு தொறக்கலீங்க," என்றாள் மருதாயி. "சாமி சிலைக்குக் கடைசியாத்தானுங்க தொறப்பாங்க? எங்க ஷெட்லயும் அப்படித்தான். நாளைக்கு வெள்ளிக்கெழமை. தேங்காய் ஒடச்சு, சூடம் காட்டி, அப்புறம்தான் உளி வெக்கறதா இருந்தேன்."

"ஆமா சார்," என்றாள் செல்வி. "எங்க ஊர் ஐயனார் குதிரைக்கும் கண்ணு கடைசியாத்தான் சார்."

கருப்பண்ணனின் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அவர் ஊரிலும் அப்படித்தான்.

"அப்போ... கிருஷ்ணம்மா, நீ பொய் சொன்னியா?"

"சேர்வராயன் சாமி மேல சத்தியமுங்க! அது நடந்து வந்துச்சுங்க!"

"குருட்டு இரும்பு எப்படிம்மா படியேறும்?" கருப்பண்ணன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கேஸ் கையிலிருந்து நழுவுவது அவருக்கே தெரிந்தது. "செல்வி... அந்த விலங்கைக் கழட்டு."

"சார்!" பெலிக்ஸ் குறுக்கே பாய்ந்தான். "புருஷனைக் காப்பாத்தக் கதை விடறா! நம்பறீங்களே!"

மருதாயி அவன் முன்னால் போய் நின்றாள். அவன் நெஞ்சு உயரம்தான் இருந்தாள். ஆனால் அவன்தான் ஓரடி பின்வாங்கினான்.

"கதைங்களா? கண்ணே இல்லாத தகட்டுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு, இத்தனை படி ஏறி, நாக்காலியில உக்காந்திருக்கற ஆளு நெஞ்சுல குறி தப்பாம குத்தறதுக்கு எம்புருசன் என்ன மந்திரவாதிங்களா? கிருஷ்ணம்மாக்கா கனவு கண்டிருக்குதுங்க. இதைப் போட்டுக்கிட்டு எவனாலயும் ஒரு எட்டு வெக்க முடியாது!"

"ஏன் முடியாது? முகவாயைக் கொஞ்சம் தூக்கினா போதுமே! நெத்திப் பட்டைக்குக் கீழே நல்லா தெரியுதே! படி, நாற்காலி, எல்லாமே..."

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மருதாயி முதல் முறையாகச் சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"கேட்டுக்கிட்டீங்களா சார்?"

"என்னம்மா சொல்றான் இவன்?"

"சரியாத்தானுங்க சொல்றாரு. கண்ணு இருக்குதுங்க! நெத்திப் பட்டையை வெளியே இழுத்து மடிச்சு விட்டிருக்கேன். அடியில விரல் அகலத்துக்கு ஒரு சந்து. பஸ் ஜன்னலுக்கு மேல மழைத்தண்ணி எறங்காம மடிச்சு விடுவோமில்லீங்க, அந்த மாதிரி. எதிரி வீசற கத்தி வழுக்கிட்டுப் போயிரும். முன்னால நின்னு ராத்திரி பகலாப் பார்த்தாலும் தெரியாதுங்க. உள்ளாற தலையை விட்டு, முகவாயைத் தூக்குனவனுக்குத்தான் தெரியும்."

"வேற யாருக்கும் தெரியாதா?"

"நேத்து இங்க நிறுத்துனப்புறம் தனியா உக்காந்து அரத்தை வெச்சு ராவுனப்பதானுங்க அந்தச் சந்தே தொறந்துச்சு. எம்புருசனுக்கே தெரியாது. இவரு கிட்டக்கூடப் போகலைன்னாருங்களாம்... ரோட்டுல நின்ன பால்காரருதானுங்க காதுல விழுந்துச்சுன்னு வந்து சொன்னாரு!"

கருப்பண்ணன் மெதுவாகத் திரும்பினார்.

"பெலிக்ஸ்..."

பெலிக்ஸ் ஓடினான்!

வராந்தாவைத் தாண்டவில்லை. செல்வி லத்தியைக் குறுக்கே நீட்டினாள், அவ்வளவுதான். ஆறடியும் படியில் உருண்டு ரோஜாச் செடிக்குள் விழுந்தது.

"அந்த ஆளுக்குப் புத்தி கெட்டுப்போச்சு!" முள்ளுக்குள் கிடந்தபடியே கத்தினான். "கீழ்த்தோட்டத்தை லைன் வீட்டுக் கூலி ஜனங்களுக்கு எழுதிவைக்கப் போறாராம்! அப்போ நான் யாரு? வாட்ச்மேனா?"

"இனிமே உன்னைத்தான் வாட்ச் பண்ணப் போறாங்க. எழுந்திரு!" என்றார் கருப்பண்ணன்.

சித்தன் கையிலிருந்து விலங்கு கழன்றது. அவன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு நின்றான். மருதாயிக்குக் கண் நிறைந்துவிட்டது. அதையும் கோபமாகத்தான் துடைத்தாள்.

"ஏம்புள்ள... அந்தச் சந்து விசயத்தை எங்கிட்டக்கூடச் சொல்லலியே?"

"சொல்லியிருந்தா டீக்கடை முழுக்கத் தெரிஞ்சிருக்குமுங்க! வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா விலங்கு விழுந்திருக்குமா? நடங்க ஊட்டுக்கு!"

"நில்லும்மா!" என்றார் கருப்பண்ணன். "அந்தத் தேங்காய், சூடம், வெள்ளிக்கிழமை...?"

"அப்படியொரு வழக்கமே எங்க ஷெட்ல இல்லீங்க சார்."

"என்னது! நான் கன்னத்துல போட்டுக்கிட்டேனே! போலீஸ்கிட்ட பொய் சொன்னா கேஸ் போடலாம், தெரியுமா உனக்கு?"

மருதாயி குனிந்து சுத்தியலை எடுத்தாள்.

"தாராளமா போடுங்க சார்... அப்படியே, போன வாரம் குப்பனூர் ரோட்டு வளைவுல பாறையில தேச்சுட்டு வந்து, மேலிடத்துக்குத் தெரியாம நிமித்திக் குடுன்னு டிரைவர்கிட்டக் குடுத்தனுப்பி என் ஷெட்ல விட்டிருக்கீங்களே ஒரு ஜீப்புக் கதவு... அதுக்கும் வேற ஷெட்டு பார்த்துக்குங்க!"