துருப்பிடிக்காத கொலை

தளபதி செத்துக் கிடந்தார்.

அறுபத்திரண்டு வருட வாழ்க்கையில் அவர் சந்தித்த முதல் சண்டை அது. அதிலும் தோற்றுவிட்டார்.

எந்தப் படையிலும் அவர் இருந்ததில்லை. தண்ணீர்க் குழாய் விற்றுச் சம்பாதித்தவர். வீட்டின் கீழ்த்தளத்தை ஆயுதக் காட்சியகமாக்கி, தோளில் பொன்னிறக் குஞ்சம் தொங்கும் சட்டை ஒன்றைத் தைத்துக்கொண்ட நாளில், தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டம் அது. இப்போது அந்தக் குஞ்சம் ரத்தத்தில் ஊறியிருந்தது.

கழுத்தில், இடது காதுக்குப் பின்புறம் தொடங்கி, முன்பக்கம்வரை நீளமாக ஒரே வெட்டு.

காலடியில் சுருள்வாள். ஆள் உயரத்தைத் தாண்டிய நீளம்; நாடாவைப் போல வளைகிற மெல்லிய தகடு. அதிலும் ரத்தம்.

காலை ஒன்பதே கால்.

பெண் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். பக்கத்தில் காட்சியகக் காப்பாளர், வெள்ளைப் பருத்திக் கையுறையைக் கழற்றாமல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"இதை இடுப்புல பெல்ட் மாதிரி சுத்திக் கட்டிக்குவாங்க மேடம். உருவிச் சுழட்டினா பத்து பேர் கிட்ட நெருங்க முடியாது. பழகாதவன் எடுத்தா முதல்ல தன் காதைத்தான் அறுத்துக்குவான்."

"இந்த வீட்டுல பழகினது யாரு?"

காப்பாளர் பெருமூச்சு விட்டார். நன்றாக ஒத்திகை பார்த்த பெருமூச்சு.

"சொல்ல நாக்கு வரலை... மருமகப்பிள்ளை ஒருத்தர்தான்."

மருமகன் மாடியில் குடியிருந்தான். வாள்வீச்சு வாத்தியார். முந்தின நாள் மாலை, பள்ளிப் பிள்ளைகள் முன்னால், இந்தச் சுருள்வாளைத் தன் கொள்ளுத்தாத்தா ஒரு முறை சுழற்றி முப்பது தலைகளைச் சாய்த்ததாகத் தளபதி அளந்துவிட்டார். முப்பது பேரும் வரிசையில் நின்று கழுத்தை நீட்டினார்களா என்று மருமகன் கேட்டுவிட்டான். பிள்ளைகள் சிரித்தார்கள். வீட்டைக் காலி பண்ணு என்று மாமனார் கத்தினார். தெருவே கேட்டது.

காரணம் இருக்கிறது. கைப்பழக்கம் இருக்கிறது. ஆள் வீட்டிலேயே இருந்தான். ஏட்டு விலங்கை மாட்டிவிட்டார்.

தளபதியின் மகள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அழுது முடித்த முகம்.

"அப்பா போயிட்டார். அவர் திரும்ப வரமாட்டார். இவரையும் கூட்டிட்டுப் போயிட்டா எனக்கு யாரு இருக்கா மேடம்? இவர் வாயிதான் நீளம். கை நீளாது."

"எல்லாப் பொண்டாட்டியும் இதைத்தாம்மா சொல்லுவாங்க," என்றார் ஏட்டு.

மருமகன் விலங்கைப் பார்க்கவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தான்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? இதைச் சுழட்ட என்னைச் சுத்தி எட்டடி வேணும். இங்க மூணடிக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. நான் சுழட்டியிருந்தா மாமா கழுத்துக்கு முன்னால நாலு கண்ணாடி போயிருக்கும்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

பதினேழு கண்ணாடிப் பெட்டிகள். ஒன்றில்கூடக் கீறல் இல்லை!

ஆக, சுருள்வாள் வெட்டவில்லை. யாரோ அதற்கு ரத்தம் பூசிக் கிடத்தியிருக்கிறார்கள்.

அவர் தளபதியின் மேஜைப் பக்கம் போனார். மேஜைமேல் தண்ணீர்க் கூஜா. அதைச் சுற்றி வட்டமாக ஒரு பழைய கறை, கூஜாவின் அடிப்பாகத்தைவிடப் பெரிய வட்டம்.

"இந்தக் கூஜாவுக்கு அடியில என்ன இருந்தது?"

மகள் எட்டிப் பார்த்தாள். "ஒரு இரும்பு வளையம் இருக்கும். அப்பா பிரிமணை மாதிரி அதை வெச்சுத்தான் மேல கூஜாவை வைப்பார். சாருக்குக்கூடப் பிடிக்காது. 'அது சக்கரம், போர்வீரன் தலைப்பாகையில செருகிட்டுப் போன ஆயுதம்'னு அடிக்கடி சண்டை போடுவார்."

சார் என்று அவள் சொன்னது காப்பாளரை.

பிரிமணையைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. கடைசிப் பெட்டியில், சிவப்பு வெல்வெட்டின் நடுவே வைக்கப்பட்டிருந்தது. ஒரு சாண் அகலம். உள்விளிம்பு மழுங்கல், விரல் கோத்துப் பிடிக்க. வெளிவிளிம்பு முழுக்கக் கூர்மை. மற்ற ஆயுதங்களின் மேல் ஒரு வாரத் தூசி. இது மட்டும் எண்ணெயில் பளபளத்தது.

மற்ற எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஓர் அட்டை... இன்ன நூற்றாண்டு, இன்ன மாவீரன், இத்தனை தலை. இதற்கு மட்டும் அட்டை இல்லை.

அப்போது வாசலில் ஒரு குரல். கையில் கருவிப் பெட்டியுடன் ஒருவன் நின்றிருந்தான். முலாம் பூசுபவன். ஒரு பழைய வளையத்தைச் சுரண்டி, தேய்த்து, தங்க முலாம் போடவேண்டும், பத்து மணிக்கு வா என்று தளபதி நேற்று ராத்திரி போன் செய்தாராம். கூலி யார் தருவார்கள் என்று கேட்க வாயெடுத்தவன், உள்ளே கிடப்பதைப் பார்த்து, கேட்காமலே போய்விட்டான்.

இன்ஸ்பெக்டர் காப்பாளரைப் பார்க்கவில்லை. ஏட்டைக் கூப்பிட்டார்.

"அந்தச் சுருள்வாளை எடுத்துக் கட்டுங்க. எதுல வேணா கட்டுங்க."

ஏட்டுக்கு நாசூக்கு என்றால் என்னவென்று தெரியாது. தரை துடைக்க வைத்திருந்த ஈரச் சாக்கை உதறினார். 'நானூறு ஆண்டு' என்று அட்டை போட்ட வாளைத் தரையில் தேய்த்து இழுத்து, காலால் மிதித்து மடக்கி, சாக்குக்குள் திணித்தார். உள்ளே எங்கோ தகடு முறியும் சத்தம் கேட்டது.

காப்பாளர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் கழுத்து வியர்வையைத் துடைத்தார். கடைசிப் பெட்டியைத் திறந்தார். வியர்த்த வெறும் கையைச் சக்கரத்தை நோக்கி நீட்டினார்...

"கையுறை!"

காப்பாளரின் அலறல் அறையை அதிர வைத்தது.

"வியர்வையில உப்பு இருக்கு மேடம், அரிச்சிடும், தொடாதீங்க..."

சொல்லி முடிக்கும்போதே அவர் முகம் வெளுத்தது.

"நானூறு வருஷத்து வாளை ஈரச் சாக்குல அடைக்கிறாங்க, நீங்க வாயே தெறக்கலை. கூஜா வைக்கிற பிரிமணைக்கு உயிர் போற மாதிரி கத்துறீங்க. ஏன் சார்?"

காப்பாளர் கையுறை விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்தார்.

"நான் சொல்றேன். அந்த வாள் போலி. அதுல ரத்தம் காஞ்சா உங்களுக்கு என்ன? இது அசல். இதுல ரத்தம் ஒரு நிமிஷம் இருந்தாலும் உங்களால தாங்க முடியாது. கொலை பண்ணிட்டு ஓடாம, உக்காந்து துடைச்சு எண்ணெய் போட்டிருக்கீங்க. எண்ணெய் துருவைத் தடுக்கும் சார். ஆய்வுக்கூடத்தைத் தடுக்காது."

காப்பாளர் நாற்காலியில் சரிந்தார். போலீசுக்குத் தெரிந்த ஆயுதம் லத்தி ஒன்றுதான் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

"மொத்தக் காட்சியகத்துல நிஜம் இது ஒண்ணுதான்," என்றார். குரல் வறண்டிருந்தது. "மிச்சம் எல்லாம் ஊருக்கு வெளியே ஒரு பட்டறையில அடிச்சது. அந்தாள் கதை சொல்லுவார், நான் அட்டை எழுதுவேன். பதினோரு வருஷம். இதைப் பழைய இரும்புன்னு கூஜாவுக்கு அடியில போட்டார். பொறுத்துக்கிட்டேன். காலையில வந்ததும், 'தங்க முலாம் போடப்போறேன்யா, அப்பத்தான் ஜனம் பாக்கும்'னு சிரிச்சார்... யார் யாரோ உயிரைக் கையில பிடிச்சுட்டு ஏந்தின ஆயுதம் மேடம் அது. அதைச் சுரண்டப் போறார். மேஜையில இருந்து எடுத்தேன். அவ்வளவுதான் தெரியும்."

"சண்டைக்கே போகாத மனுஷனை, பின்னாலிருந்து வெட்டினீங்க. பெரிய மாவீரன்தான்," என்றார் இன்ஸ்பெக்டர். "எந்தத் தப்பும் பண்ணாத ஒருத்தனை மாட்டிவிட்டீங்களே, அவன் ஜெயில்ல துருப்பிடிச்சா பரவாயில்லையா?"

ஏட்டு விலங்கைக் கழற்றினார். மகள் புருஷனின் மணிக்கட்டைப் பிடித்துத் தேய்த்துவிட்டாள். வாய் நீளமான அந்த ஆள் அவள் தோளில் சாய்ந்துகொண்டான்.

அதே விலங்கு காப்பாளரின் வெள்ளைக் கையுறைமேல் ஏறியது. வாசலில் அவர் திரும்பி நின்றார்.

"மேடம்... ஒரே ஒரு வேண்டுகோள். அதைப் பிளாஸ்டிக் பையில போட்டுடாதீங்க. ஈரம் பூத்துடும். அப்புறம், அதுக்கு ஒரு நல்ல அட்டைகூட எழுதலை..."

இன்ஸ்பெக்டர் கையுறை மாட்டி, சக்கரத்தைக் காகித உறைக்குள் இறக்கினார். பேனாவைத் திறந்தார்.

"நானே எழுதிடறேன். யார் பிடிச்சது, எத்தனை கழுத்து, என்ன தேதி... இந்தக் கட்டடத்துலயே உண்மை எழுதின முதல் அட்டை இதுவாத்தான் இருக்கும்."