ஒன்று ஏற, ஒன்று இறங்க

காலை பத்து மணிக்குப் பெயர்ப் பதிவகத்தின் ஒலிபெருக்கி தொண்டையைச் செருமியது. அன்றைக்கு இறங்கிய பெயர்கள் பதினான்கு, ஏறிய பெயர்கள் பதினான்கு என்று தேன் தடவிய ஒரு குரல் வாசிக்கத் தொடங்கியது. அந்த ஓசூர்க் கட்டடத்தின் ஐந்து தளங்களிலும் யாரும் காது கொடுக்கவில்லை. கேன்டீனில் அப்போதுதான் வடை வந்திருந்தது.

மூன்றாம் தளத்தில் நப்பின்னை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கறை ஒன்றும் கிடையாது. காலையில் யாரையாவது இளக்காரமாக நினைக்காவிட்டால் அவளுக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்காது. ஏறிய பதினான்கில் பதினொன்று குடல் பாக்டீரியா. கண்டுபிடித்ததும் இயந்திரம், விவரித்ததும் இயந்திரம், ஆகா என்று மெச்சிக்கொண்டதும் இயந்திரம். மிச்சம் மூன்றை மனிதர்கள் விவரித்திருந்தார்கள். அதாவது, இயந்திரம் எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"பேனா பிடிக்கத் தெரிஞ்சா போதும், விஞ்ஞானி," என்று மேசைமேல் கிடந்த கல்லிடம் சொன்னாள்.

கல் மொராக்கோப் பாலைவனத்திலிருந்து வந்தது. டெவோனியன் காலத்துச் சுண்ணாம்புப் பாறை, வயது முப்பத்தேழு கோடி ஆண்டு. அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஓர் அம்மோனாய்டு சுருண்டு கிடந்தது. கணவாய் மீனுக்குத் தூரத்து உறவு. ஓட்டைச் சுமந்துகொண்டு நீந்தி, வம்சத்தோடு அழிந்துபோன பிராணி. அதன் ஓட்டுக்குள் அறை அறையாகத் தடுப்புச் சுவர்கள் உண்டு. ஒவ்வொரு சுவரும் ஓட்டைத் தொடும் இடத்தில் ஒரு வளைகோடு விழும். தையல்கோடு என்பார்கள். அதில் எத்தனை மடிப்பு, எது எங்கே என்பதை வைத்துத்தான் இன்ன இனம் என்று தீர்மானிப்பது.

அந்தக் கோட்டைப் பார்க்க, மேலே ஒட்டியிருக்கும் ஓட்டைத் தேய்த்து எடுக்க வேண்டும். தேய்ப்பதற்கு முன் கல்லை ஒப்பாளியிடம் காட்ட வேண்டும் என்பது பதிவக விதி. உலகத்தில் பதிவான அத்தனை மாதிரிகளையும் நினைவில் வைத்துக்கொண்டு, புதிதாக வருவதை அவற்றோடு ஒப்பிட்டுச் சொல்லும் கணினிக்குத்தான் ஒப்பாளி என்று பெயர். நப்பின்னை அந்த விதியை ஒருநாளும் மதித்ததில்லை. முதலில் கை, பிறகுதான் கருவி. தேய்த்து முடித்து, கோடு பளிச்சென்று தெரிந்த பிறகு, போனால் போகிறதென்று காட்டுவாள்.

"தேய்ப்பதற்கு முந்தைய படம் இல்லை," என்றது ஒப்பாளி. "எவ்வளவு ஆழம் தேய்த்தீர்கள்?"

"வேண்டிய ஆழம்."

"அது எத்தனை மில்லிமீட்டர்?"

"என் கைக்கு முப்பது வருஷ அனுபவம். உனக்கு எத்தனை கை?"

ஒப்பாளிக்கு ரோஷம் கிடையாது. ஊடுவரைவியைக் கொண்டு கல்லின் உள்ளே பார்த்தது. கல்லும் சுண்ணாம்பு, ஓடும் சுண்ணாம்பு. ஸ்கேனருக்கு எல்லாம் ஒரே சாம்பல் நிறம். கடைசியில், தெரிந்த இனத்துக்கு இருக்கும் பக்க மடிப்பு இதில் காணப்படவில்லை, புதிய இனமாக இருக்கலாம் என்று இழுத்தது. நப்பின்னைக்கு அந்த இழுவையே போதும்.

அவள் பெயர் வைத்த இனம் இதுவரை ஒன்றுதான். அதுவும் இருபத்திரண்டு ஆண்டுக்கு முன். அதற்குப் பிறகு கொண்டுபோன நான்கையும் தேர்வுக் குழு திருப்பி அனுப்பிவிட்டது. குழுத் தலைவராக அப்போது இருந்தவர் மாசிலாமணி, நத்தை ஆராய்ச்சியாளர். நத்தையைப் பின்தொடர்ந்து போவதற்கு ஒரு டாக்டர் பட்டமா, ஓடிப் பிடிக்க வேண்டிய அவசியம்கூட இல்லையே என்று அவள் கேன்டீனில் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறாள். மனிதர் ஓய்வுபெற்றுப் போன பிறகும் அந்தக் கேலியை அவள் விடவில்லை.

ஒன்பது ஆண்டுக்கு முன் வரிசையில் பிடித்து வைத்த இடம் அந்த வாரம்தான் அவள் முறைக்கு வந்திருந்தது; இப்போதைய குழுவும் ஒப்பாளி சொன்னதே போதும் என்று விட்டுவிட்டது. விவரணையைப் பதிவாளர் குணபூஷணியிடம் கொண்டுபோனாள். குணபூஷணி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, எல்லாரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டாள்.

"எதை இறக்கறீங்க?"

இயந்திரங்கள் பத்தே ஆண்டில் கோடிக்கணக்கான உயிர்களுக்குப் பெயர் வைத்துத் தள்ளிய காலத்தில், உலக நாடுகள் கூடி ஒரு வரம்பு கட்டின. பேரேட்டில் இருபது லட்சம் பெயர்கள், அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது. புதிதாக ஒன்று ஏற வேண்டுமானால் பழையது ஒன்று இறங்க வேண்டும். எது இறங்குவது என்பதை ஏற்றுகிறவரே சொல்ல வேண்டும். தொல்லுயிர்க்காரர்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கல்லுக்குக் கல்லைத்தான் இறக்குவது, உயிரோடு இருப்பதைத் தொடுவதில்லை.

பத்து ஆண்டாக யாரும் எடுத்துப் பேசாத பெயர்களின் பட்டியல் திரையில் ஓடியது. நடுவில் ஒரு வரியில் நப்பின்னையின் விரல் நின்றது. சுனைநத்தை. இருப்பிடம் கொல்லிமலையில் ஒரே ஒரு சுனை. ஆசிரியர் மாசிலாமணி.

"மேடம், இது உசுரோட இருக்கறது," என்றாள் குணபூஷணி.

"அது அந்த நத்தைக்கே தெரியாது."

"பாறைக்காரங்க பாறையிலேருந்துதானே இறக்குவீங்க? வழக்கம் அப்படித்தானே?"

"வழக்கம்தானே? சட்டம் இல்லையே? அழுத்துங்க."

மறுநாள் காலை ஒலிபெருக்கி அவளுடைய அம்மோனாய்டின் பெயரைத் தப்புத் தப்பாக உச்சரித்து ஏற்றியது. நப்பின்னை மூன்றாம் தளம் முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள். வாங்கித் தின்றவர்களையும் மனத்துக்குள் ஏளனம் செய்துகொண்டேதான் கொடுத்தாள்.

மூன்றாவது நாள் மாசிலாமணி வந்தார். மெலிந்திருந்தார். உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துகொண்டார்.

"நத்தையை இறக்கிட்டீங்க," என்றார்.

"பட்டியல்ல இருந்தது. பத்து வருஷமா அதைப் பத்தி யாரும் ஒரு வரி எழுதல. நீங்க உட்பட."

"எழுத என்ன இருக்கு? அது பாட்டுக்குச் சுனையில இருந்தது. நானும் அந்த ஊர்லதான் இருக்கேன். மலைமேல நாப்பது வீடு. அத்தனைக்கும் தண்ணி அந்தச் சுனைதான். ஏழு வருஷமா ஒரு குழாய்க் கம்பெனி அதைக் கேட்டுக்கிட்டிருக்கு. அபூர்வ உயிர் இருக்கற இடம், தொடக்கூடாதுன்னு சட்டம் தடுத்து வெச்சிருந்தது. இப்ப பேரு இல்ல. பேரு இல்லாத உசுரு சட்டத்துக்குத் தெரியாது. அடுத்த மாசம் குழாய் போடறாங்க."

நப்பின்னைக்கு இந்தச் சட்டம் தெரியாததல்ல. பதிவகத்தில் துடைப்பம் பிடிப்பவருக்கும் தெரியும். விரலை அந்த வரியில் வைத்தபோது அதை நினைக்க அவள் மெனக்கெடவில்லை, அவ்வளவுதான்.

"அப்ப அந்த நாப்பது வீட்டையும் காட்டிச் சட்டத்துகிட்ட கேளுங்க," என்றாள்.

"நாப்பது வீட்டுக்குச் சட்டம் இல்ல மேடம். நத்தைக்குத்தான் இருந்தது."

அவர் எழுந்தார். கதவருகே திரும்பி, "உங்க நாலையும் நான் ஏன் தள்ளினேன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

"பொறாமை."

"நாலும் அளவுக்கு மீறித் தேய்ச்ச கல்லு. அறிக்கையில எழுதியிருந்தேன். நீங்க படிச்சிருக்க மாட்டீங்க."

அவள் படிக்கவில்லைதான். நத்தைக்காரன் எழுதியதைப் படிக்கும் அளவுக்கு அவள் இன்னும் கெட்டுப்போகவில்லை என்று அன்றைக்கு அதைக் குப்பையில் போட்டிருந்தாள்.

மனிதர் போன பிறகும் அந்தப் பேச்சு அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் மூஞ்சியில் கரி பூசவேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு, அதே பாறை அடுக்கிலிருந்து வந்த இன்னொரு கல்லைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். இந்த முறை விதிப்படி செய்தாள். தொடுவதற்கு முன் ஒரு படம். பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தேய்த்து ஒரு படம். மறுபடி தேய்த்து இன்னொன்று. ஓடு நீங்கியதும் தையல்கோடு தெரிந்தது. அதில் பக்க மடிப்பும் இருந்தது, சின்னதாக, ஆழமில்லாமல். இன்னும் மூன்று படம் தள்ளி அது மங்கியது. கோடு தெரிந்ததிலிருந்து ஐந்தாவது படத்தில் மடிப்பே இல்லை. திரையில் அப்போது தெரிந்தது அவளுடைய புதிய இனம், அச்சு அசலாக.

சுவரின் விளிம்பில் இருக்கும் மடிப்பு உள்ளே போகப் போக நேராகிவிடும். முதலாண்டு மாணவனுக்கும் சொல்லித்தரும் பாடம். கடலில் அப்படி ஒரு பிராணி நீந்தவே இல்லை. அரை மில்லிமீட்டர் கூடுதலாகத் தேய்த்து அவள்தான் அதை உண்டாக்கியிருக்கிறாள். ஒப்பாளி கேட்டது, அவள் கையைக் காட்டினாள்.

அவமானத்தில் காது மடல் சுட்டது. அறையில் வேறு யாரும் இல்லை. ஒப்பாளி கேட்டால்தான் படங்களை எடுத்து ஒப்பிடும், தானாக வாய் திறக்காது. படங்களை அழித்துவிட்டு, கல்லையும் இன்னும் கொஞ்சம் தேய்த்துவிட்டால் இரண்டாவது மாதிரியும் கிடைத்த மாதிரி ஆகும். விரல் தேய்ப்புக் கருவியின் சுவிட்ச் வரைக்கும் போனது. பொய்யர்களை வாழ்நாள் முழுக்கக் காறித் துப்பியவள் அவள். இப்போது அந்த எச்சில் யார்மேல் விழும் என்று அவளுக்குத் தெரிந்தது. சுவிட்சைத் தொடாமல் மாடியிறங்கிக் குணபூஷணியிடம் போனாள்.

"என் இனத்தை வாபஸ் வாங்கறேன். தப்பு. நத்தையைத் திருப்பி ஏத்துங்க."

குணபூஷணி கண்ணாடியைக் கழற்றினாள். இந்தக் கட்டடத்தில் ஒருவர் தப்பு என்று சொல்லி அவள் கேட்டதில்லை போலிருக்கிறது.

"வாபஸ் வாங்கலாம் மேடம். ஆனா அந்த இடம் வரிசையில அடுத்தவங்களுக்குப் போயிடும். அடுத்தது ஒரு குடல் பாக்டீரியா."

"நத்தை?"

"அது இனிமே புது இனம் மாதிரிதான் வரணும். வரிசை ஒம்பது வருஷம். இல்லன்னா, ஒருத்தர் தான் வெச்ச சரியான பேரைத் தானே இறக்கிக் கொடுத்தா அந்த இடத்துல உடனே ஏத்தலாம். தப்புன்னு வாபஸ் வாங்கினது அதுக்கு ஆகாது. மாசிலாமணி சாருக்கு இறக்க வேற பேரு இல்ல."

"எனக்கு ஒண்ணு இருக்கு. அதை இறக்கிட்டு அவரை ஆசிரியராப் போடுங்க."

"இறக்கிக் கொடுக்கறவங்கதான் ஆசிரியர். விதி அது."

இருபத்திரண்டு ஆண்டுக்கு முன் அவள் பெயர் வைத்த அம்மோனாய்டு பொய்யில்லை. பதினோரு மாதிரிகள் வைத்து, பயந்து பயந்து, ஒவ்வொன்றையும் அளந்து தேய்த்த காலம் அது. அந்தப் பிராணி உண்மையாகவே இருந்தது, உண்மையாகவே நீந்தியது. அது இருந்ததற்குப் பேரேட்டில் அந்த ஒரு வரிதான் அத்தாட்சி. அவள் விஞ்ஞானியாக இருந்ததற்கும் அதுதான் அத்தாட்சி. இல்லாத ஒன்று ஒரே நாளில் ஏறிவிட்டது, இருந்த ஒன்று இறங்கினால்தான் இருக்கிற ஒன்று ஏறும் என்கிறது இந்தச் சட்டம். மூளை கெட்டவர்கள் எழுதிய சட்டம் என்று திட்ட வாயெடுத்தாள். அவர்களையும்விட முட்டாள் ஒருத்தி எதிரே தடுப்புக் கண்ணாடியில் தெரிந்தாள்.

"இறக்குங்க," என்றாள்.

இப்படி வரிசையைத் தாண்டி ஓர் இனம் ஏற வேண்டுமானால் ஆசிரியர் அந்த உயிர் வாழும் இடத்துக்கே போய், ஒரு சாட்சியின் முன்னிலையில், வாய்விட்டு உறுதி சொல்ல வேண்டும். நேர்கூற்று என்று அதற்குப் பெயர். நாலு நாள் கழித்து நப்பின்னை கொல்லிமலை ஏறினாள். மூச்சு வாங்கியது. சுனையோரம் பெண்கள் குடங்களோடு நின்றிருந்தார்கள். கம்பெனிக்காரர்கள் அடித்துவிட்டுப் போன அளவுக் கம்பிகள் ஈர மண்ணில் துருத்திக்கொண்டிருந்தன. மாசிலாமணி முழங்கால் தண்ணீரில் இறங்கி, பாசிபிடித்த ஒரு கல்லைப் புரட்டி, உளுந்து அளவுக்கு ஒரு நத்தையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அது கொம்பை நீட்டியது. அவள் அதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

அவள் காலரில் குத்தியிருந்த குரல் பதிவி பச்சையாக எரிந்தது. நப்பின்னை தலையைக் குனிந்துகொண்டு, "இவ்வுயிரை முதன்முதலில் கண்டறிந்து விவரிப்பவள் நான்," என்று முணுமுணுத்தாள்.

"குரல் தெளிவாக இல்லை," என்றது பதிவி. "மீண்டும் கூறவும்."

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்த ஒருத்தி நின்றுவிட்டாள். "என்னா சார் இந்தம்மா இப்படிச் சொல்லுது? இத நீங்கதான கண்டுபுடிச்சீங்க?"

"நீ பேசாம இரு தாயி. பொட்டியில உன் குரல் விழுந்துடும்," என்றார் மாசிலாமணி. பிறகு நப்பின்னையை நிமிர்ந்து பார்த்தார். "சத்தமாச் சொல்லுங்க மேடம். தயங்காமச் சொல்லுங்க. இந்த மாதிரி விஷயம் உங்களுக்குக் கஷ்டமா இருக்காதே."

அவள் சொன்னாள். பெண்கள் எல்லாரும் கேட்கும்படி, மலை திருப்பிச் சொல்லும்படி சொன்னாள்.

மாசிலாமணி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவளிடமிருந்து கையெழுத்துப் பலகையை வாங்கினார். இந்த உயிரை நப்பின்னை கண்டறிந்ததை நேரில் பார்த்தேன் என்ற வரிக்குக் கீழே, சாட்சி என்று போட்டிருந்த இடத்தில், நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.