தாடைக்குக் கீழே

முகம் மழிக்கும்போதுதான் விரலில் தட்டுப்பட்டது. தாடைக்குக் கீழே வலப்பக்கம் பட்டாணி அளவில் ஒரு கட்டி. வலியில்லை. அழுத்தினால் வழுக்கிக்கொண்டு ஓடியது. நேற்று இல்லாதது.

அவர் ஒரு கிடங்கின் இரவுக் காவலர். யாரையும் நம்பாதவர், நம்பாமல் இருப்பதற்குத்தான் சம்பளமே. எச்.ஐ.வி. என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது முனகிக்கொண்டே மாத்திரை விழுங்கினார். பிறகு ஒருநாள், ரத்தத்தில் கிருமி தென்படவில்லை என்றார்கள். இல்லாத திருடனுக்கு எதற்குக் காவல்? அன்றிலிருந்து மாத்திரைகள் கழிவறைக்குள் போயின.

"போட்டீங்களா?" என்பாள் மனைவி.

"போட்டாச்சு."

எங்கே என்று அவள் கேட்டதில்லை.

கட்டி அவரை ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்துக்கு இழுத்துப்போனது. ரத்தம் எடுத்த பெண் கட்டியைத் தொட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"நிறுத்திட்டீங்களா, பெரியவரே?"

"கிருமி இல்லேன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

"தென்படலேன்னு சொன்னோம். ஒளிஞ்சிருக்கும். மாத்திரை இருக்கிற வரைக்கும்தான் அடங்கிக் கிடக்கும்." கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "ஆராய்ச்சிக்கு எடுத்த வீடியோ இது. இதெல்லாம் உடம்போட காவல் செல்லுங்க. பச்சையா மின்னுறதுல கிருமி இருக்கு. நெறி கட்டுற இடத்துல எல்லாம் நெருக்கமா நிக்கும். பாருங்க."

பச்சை செல் துழாவியது. பக்கத்தில் நின்றதைத் தொட்டது. அது விலகவில்லை. இரண்டும் ஒட்டின. ஒட்டிய இடத்தில் பச்சை திரண்டது. மெல்ல அந்தப் பக்கம் இறங்கியது.

"ஏம்மா, இவன் கூச்சல் போடமாட்டானா?"

"தன்னாளு தொடுறான்னு விட்டுடுவான்."

"முட்டாப்பய."

"டாக்டரைப் பார்த்துட்டு இன்னைக்கே திரும்ப ஆரம்பிங்க. தாமதிச்சா உயிருக்கே ஆபத்து."

வீட்டில் புது மாத்திரையை அவர் விழுங்கிய விதத்திலேயே மனைவிக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"ஊரையே சந்தேகப்படுற ஆளு. உங்களை மட்டும் நம்பிட்டேன் பாருங்க, நான்."

அவள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

இரவு வேலைக்காரருக்குப் பகல்தான் தூக்கம். திரைச்சீலை வழியே கசிந்த பழுப்பு வெளிச்சத்தில், வியர்வை ஊறிய தலையணை நாற்றத்தோடு, மின்விசிறியின் கிறீச்சுக்கு நடுவே தன் கழுத்துக்குள் ஏதோ மெதுவாக நெருங்கி நிற்பதைக் கேட்பதுபோல அவர் படுத்திருந்தார். மாத்திரை இறங்கிவிட்டது. வேலை செய்யும். செய்யவேண்டும். ஆனால் அதற்குள் எத்தனை பேர்? விசில் இல்லை. ஓட்டம் இல்லை. காவலன் காவலனைத் தொடுகிறான். விலகாமல் நிற்கிறான். அடுத்தவன்.

கை இடப்பக்கம் போனது.

அங்கேயும் ஒன்று.

அழுத்தினார். இது வழுக்கவில்லை. தோலுக்கு அந்தப் பக்கமிருந்து, அவருடைய விரல் நுனிக்கு நேராக, இன்னொரு விரல் நுனி வந்து நின்றது. வெதுவெதுப்பாக. சொந்த விரல்போல.

கையை எடுக்கப் பார்த்தார்.

ஒட்டியிருந்தது.

இழுத்தார்.

ஒட்டிய இடத்தில் ஏதோ திரண்டது. மெல்ல, விரலுக்குள் இறங்கியது.