முந்திக்கொண்ட மரண அறிவித்தல்

தொலைபேசி அலறியது.

கனகம் எடுத்தாள். மறுமுனையில் அழுகை.

"அக்கா... அத்தான் எப்பக்கா தவறினாரு?"

கோத்தகிரியிலிருந்து சித்தப்பா மகள் கலாராணி.

கனகம் எதிரே பார்த்தாள். அவள் கணவர், பதுளைக் கடைவீதி இரும்புக்கடைக்காரர் சண்முகராஜா, ரொட்டியைச் சம்பலில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்!

மரண அறிவித்தல் இணையதளத்தில் அவருடைய படமும் பெயரும் வந்திருந்தனவாம். அந்தத் தளத்தை நடத்துவது கனகத்தின் சொந்தத் தம்பி இந்திரஜித். கேட்டால், வேறு யாரோ சண்முகராஜாவாக இருக்கும், படம் மாறிப்போயிருக்கும் என்றான். சண்முகராஜா சிரித்தார்.

மறுநாள் காலை ஹாலிஎல வளைவுக்குக் கீழே அவருடைய மோட்டார் சைக்கிள் கிடந்தது.

பக்கத்தில் அவர்...

பிரேக் வயர் அறுந்திருந்தது. தானாக அறுந்ததா, அறுத்ததா? மெக்கானிக்குக்குச் சொல்லத் தெரியவில்லை. விபத்து என்று எழுதிவிட்டால் மறுநாள் தகனத்தோடு எல்லாம் முடிந்துவிடும்.

கனகம் விடவில்லை. பொலிசுக்குப் போனாள். சாவதற்கு முன்பே சாவுச் செய்தி வந்ததைச் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் ஜௌபருக்கு அந்த வாரம் முழுக்க மண்சரிவு மீட்பு வேலை. கண்கள் சிவந்திருந்தன. கொட்டாவியோடு தளத்தைத் திறந்தார்.

வெற்றுப் பக்கம்!

கலாராணியும் அதைப் படம் பிடித்து வைக்கவில்லை.

ஜௌபர் இந்திரஜித்தின் கம்ப்யூட்டர் கடைக்கு நடந்தார்.

"யாரோ ஹேக் பண்ணிட்டாங்க சார். மொத்தமும் போச்சு."

"பேக்கப்?"

"அது ஹோஸ்டிங் கம்பெனி வேல சார். ஒரே சர்வர்ல ஊர்ப்பட்ட சைட். நாம தேயிலைத் தோட்டத்து லயத்துல ஒரு காம்பிராவுல குடியிருக்கிற மாதிரிதான். கூரை ஒழுகுனா தோட்ட நிர்வாகம்தானே பாக்கணும்?"

"எந்தத் தோட்டம் பாத்திச்சு?" என்றார் ஜௌபர் அலுப்போடு. கம்பெனியிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சாவு வீடு. மழை. கூடத்தில் சண்முகராஜா கிடத்தப்பட்டிருந்தார். ஜௌபர் அக்காவையும் தம்பியையும் பின்பக்கம் அழைத்தார்.

"கம்பெனியில பேசிட்டேன். அந்த அறிவித்தல்ல ஒரு தப்பு நடந்திருக்கு."

இருவரும் பார்த்தார்கள்.

"கலாராணி பேரையே காணோம். அந்தப் புள்ளைக்கு அதுதான் மனக்குறையாம்."

கனகத்தின் முகம் மாறியது. அவளுடைய கல்யாணப் பத்திரிகையில் பெயர் விடுபட்ட பெரியப்பா, சாகும்வரை அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

இந்திரஜித் பதறினான்.

"அக்கா, சத்தியமா விடல. மைத்துனிமார்ல மொத பேரே கலாராணிதான். நானே டைப் அடிச்சு..."

நிறுத்தினான்.

கூடத்தில் ஒப்பாரி கேட்டது.

"வேற சண்முகராஜான்னு சொன்னியே தம்பி," என்றாள் கனகம்.

அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். பிறகு எல்லாம் வந்தது. அவனுடைய கடை இருந்த கட்டடம் மச்சானுடையது. அவர் அதை விற்க முடிவெடுத்து, காலி பண்ணச் சொல்லிவிட்டார். அவர் போனால் கட்டடம் அக்காவுக்கு வந்துவிடும் என்று வயரை அறுத்தது அவன்தான்.

"அறிவித்தலை ஏன்டா முந்திப் போட்ட?"

"சாவு வீட்டுல ஓடியாடுறப்ப யார் பேராவது விட்டுப்போகும் சார். அதான் மொதல்லயே அடிச்சு வச்சேன். சேமிக்கிறதுக்குப் பதிலா பிரசுரிச்சிட்டேன். ஒடனே எடுத்தேன்... அதுக்குள்ள அவ பாத்துட்டா."

பிறகு பயத்தில் தளத்தையே அழித்திருந்தான்.

கான்ஸ்டபிள் அவனை ஜீப்புக்குக் கூட்டிப் போனார். கனகம் கண்ணைத் துடைத்தாள்.

"கம்பெனி குடுத்த காப்பிய நான் பாக்கலாமா சார்?"

"காப்பி ஏதும்மா? பேக்கப் எடுக்கிறது கஸ்டமர் பொறுப்புன்னு அவன் கையை விரிச்சிட்டான்."

ஜௌபர் நனைந்த தொப்பியை உதறினார்.

"நல்லவேளை... கஸ்டமரு எல்லாத்தையும் தலையிலயே ஏத்தி வச்சிருந்தாரு!"