ஒவ்வொரு லேபிளுக்கும் ஒரு நிறுத்தம்

“என் சொந்த அண்ணனே கோர்ட்டுல எனக்கு எதிரா சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கான்” என்றாள் அந்தப் பெண்.

வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். குடும்பத்துக்குள் பிளவு என்றாலே அவருக்கு மூக்கு வேர்த்துவிடும். பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் மட்டும் ஆற அமரக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கணினித் தடயங்களை ஆராய்ந்து சொல்பவர். நீதிமன்ற வட்டாரத்தில் ‘நிதானம்’ என்றால்தான் தெரியும்.

“முதல்லேர்ந்து சொல்லும்மா” என்றார் நிதானம்.

அவள் மென்பொருள் எழுதுபவள். எந்த மாத்திரை, எந்த வேளை என்று மருந்துப் பெட்டியில் ஒட்டும் லேபிளை அச்சிட்டுத் தரும் நிரல் ஒன்றை எழுதியிருந்தாள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம், திறந்து பார்க்கலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று இணையத்திலும் வைத்துவிட்டாள். சின்னச் சின்ன மருந்துக்கடைகள் பல அதை நம்பித்தான் ஓடின. இப்போது அவள் முன்பு வேலை பார்த்த நிறுவனம், ‘எங்கள் சம்பளத்தில், எங்கள் அலுவலகத்தில் எழுதியது, அது எங்கள் சொத்து’ என்று வழக்குப் போட்டுவிட்டது. தோற்றால் நிரலை எடுத்துவிட வேண்டும். திருடி என்ற பெயரும் அவளுக்கு நிலைத்துவிடும்.

“வேலையை விட்டப்புறம்தான் எழுதினேன் மேடம். விட்ட கொஞ்ச நாள்ல அப்பாவுக்குப் பக்கவாதம், வலது கை போச்சு. அவரோட மருந்துக்கடையில துணைக்கு உக்காந்தேன். அங்கேயே எழுதினதுதான் இது.”

“உங்க அண்ணன் என்ன சொல்றார்?”

“அவன் இன்னும் அந்தக் கம்பெனியிலதான் இருக்கான். நான் உபயோகிச்ச பழைய கம்ப்யூட்டர்ல இந்த நிரல் இருக்காம். நான் போனதிலேர்ந்து அதை ஒரு அறையில போட்டுப் பூட்டி, சாவியை அவனே வச்சிருந்தானாம், யாரும் தொடலையாம்.”

அவள் போனதும் வக்கீல் குரலைத் தாழ்த்தினார். “எனக்கென்னவோ இந்தப் பொண்ணு மேலேயே சந்தேகமா இருக்கு மேடம். அண்ணன் எதுக்குப் பொய் சொல்லணும்? அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கற தேதியும் இவ அங்க வேலையில இருந்தப்போ எழுதினதாத்தான் காட்டுது. ரெண்டு நிரலும் வரிக்கு வரி ஒண்ணு.”

“அதுதான் எனக்கு இடிக்குது. அவங்க சொல்றபடி பாத்தா அது அவ விட்டுட்டுப் போன பழசு. அப்புறம் கடைக்காரங்க கேக்கக் கேக்க அவ எவ்வளவோ மாத்தியிருப்பா. பழசும் புதுசும் எப்படி அச்சு அசலா இருக்கும்? வாங்க, நேர்ல போய்ப் பாத்துடலாம்.”

நிறுவனத்தின் கூட்ட அறையில் பழைய கணினியும் ஒரு லேபிள் அச்சு இயந்திரமும் தயாராக இருந்தன. முதலாளி தேவைக்கு அதிகமாகச் சிரித்தார். அண்ணன்காரன் சுவரோரம் நின்றான், எதிரே உட்கார்ந்திருந்த தங்கை பக்கம் திரும்பவே இல்லை. வக்கீலுக்கு அறையில் எல்லோர் மேலும் சந்தேகம், காபி கொண்டுவந்தவர் உட்பட.

நிதானம் நிரலை ஓடவிட்டார். ஒரு லேபிள் வந்தது, இயந்திரம் நின்றது. ரிப்பேர் என்றே வக்கீல் நினைத்தார். நிதானம் விசைப்பலகையின் இடது ஓரத்தில் ஒரு பட்டனைத் தட்டினார். அடுத்த லேபிள் வந்தது, மறுபடி நின்றது.

“இது ஏன் நிக்குது?”

“மெஷின் சூடாயிடும்மா, ஆறணும்ல? நாங்க அப்பவே யோசிச்சு வச்சது” என்றார் முதலாளி.

“ஆறட்டும்.” நிதானம் கையைக் கட்டிக்கொண்டார். எல்லோரும் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காபியே ஆறிப்போனது, லேபிள் வரவில்லை.

“பட்டனைத் தட்டினாத்தான் வருது. சூட்டுக்கும் பட்டனுக்கும் என்ன சம்பந்தம்?”

அந்தப் பெண் சட்டென்று எழுந்தாள். “அது அப்பாவுக்காக நான் போட்டது மேடம்! அவருக்கு இடது கை மட்டும்தான் வேலை செய்யும். ஒரு லேபிளைக் கிழிச்சு, ஒட்டி, அதே கையால தட்டினப்புறம்தான் அடுத்தது வரணும். எல்லாம் சேந்து வந்தா மாத்தி ஒட்டிடுவார். தினம் பாக்குறதால எனக்கே உறைக்கல.”

“அப்பாவுக்குக் கை போனது நீ வேலையை விட்டப்புறம். ஆஸ்பத்திரியே அதுக்குச் சாட்சி சொல்லும்” என்றார் நிதானம். “கை நல்லா இருந்த காலத்துல இந்த நிறுத்தத்தை எழுத யாருக்கும் அவசியமே இல்ல. அப்போ இது இணையத்திலேர்ந்து எடுத்தது. கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பின்னால தள்ளி வச்சு உள்ளே போட்டிருக்காங்க. பூட்டின அறைக்குச் சாவி ஒருத்தர்கிட்டதான் இருந்துச்சு.”

“அடப்பாவி, உன்னைப் போய் நம்பினேனே!” என்று முதலாளி அண்ணன்காரன் மேல் பாய்ந்தார். அவர் பல்டி அடித்த வேகத்தைப் பார்த்து வக்கீலே அசந்துபோனார்.

“நீங்கதானே போடச் சொன்னீங்க சார்” என்றான் அவன். “வேலை போயிடும்னு பயந்து போட்டேன். அந்த நிறுத்தத்தை மட்டும் எடுத்திருந்தா யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. எனக்கும் அது தெரியும்.”

“அப்புறம் ஏன்யா எடுக்கல?” என்றார் வக்கீல்.

“மனசு வரல சார். அது இருந்ததாலதான் எங்கப்பா மறுபடி தன் கையாலேயே மருந்து குடுக்க ஆரம்பிச்சார். யாராவது பாத்தா பாக்கட்டும்னு விட்டுட்டேன்.”

அவன் சொன்னதை எழுதிக்கொள்ள வக்கீல் பேனாவை எடுத்தார். வழக்கில் ஜெயித்தாகிவிட்டது, ஆனாலும் பேனா ஓடவில்லை. “இதை நான் எழுதினா, பொய்ச் சத்தியம் பண்ணதுக்கு உங்க அண்ணன் மேலயும் கேஸ் வரும்மா” என்றார்.

அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “அவன் சொன்னதை அப்படியே எழுதுங்க சார்” என்றாள். நாற்காலியை அண்ணன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“கோர்ட்டுக்கு நான் கூட வர்றேன். ஆனா அப்பாகிட்ட நீயேதான் சொல்லணும்.”

முதலாளிக்கும் வழக்குக்கும் கலங்காமல் நின்றவன், அதைக் கேட்டதும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.