மஞ்சள் வார்ப்பு

வீட்டுக்குள் நுழைந்த பெனிட்டாவை மகள் செரின் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கூடத்துச் சுவரிலிருந்த ஆளுயரப் படத்திரையான கீற்றுப்பலகையின் முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "அப்பா, அம்மா எப்ப வருவா?" என்று கேட்டாள்.

பெனிட்டா கையிலிருந்த பையைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றாள். நான்காயிரம் மீட்டர் ஆழத்துக் கடலடி நிலையத்தில் பதினான்கு மாதம் பொறியாளராக வேலை பார்த்துவிட்டு, கப்பல் பிடித்துத் தூத்துக்குடி வந்து சேர்ந்தவளுக்குக் கிடைத்த வரவேற்பு இது.

"ஏட்டி, இதான் உங்கம்மா" என்றான் அவள் கணவன் ரெமிஜியுஸ்.

"இல்ல. இது யாரோ ஆன்ட்டி."

இரண்டே முக்கால் வயதுப் பிள்ளையைக் குறை சொல்லி என்ன பயன்? கடலடியிலிருந்து வானலை மேலே ஏறாது. ஒலி மட்டும்தான் ஏறும்; அதுவும் செய்தியைச் சொட்டுச் சொட்டாகத்தான் சுமக்கும். அதற்காக வந்ததுதான் வார்ப்பு. கிளம்பும் முன் ஒரு தடவை ஆளை நிற்கவைத்து, உடை, முடி, வெளிச்சம், தலைசாய்ப்பு, தொடக்க மணி, விடைபெறும் சொல் எல்லாவற்றையும் வார்த்து வீட்டுப் பலகையில் இறக்கிவிடுவார்கள். அப்புறம் தினமும் கீழேயிருந்து சொற்களும் உதட்டசைவும் வந்தால் போதும், மாறாததையெல்லாம் பலகையே போட்டுக்கொள்ளும். முப்பது விநாடியில் நெட்டையாக ஒரு படம். அதற்குக் கீற்று என்று பெயர். கடலுக்குப் போனவர்களுக்காக வந்த ஏற்பாடு; இப்போது அடுத்த தெருவில் இருப்பவர்கள்கூடக் கீற்றில்தான் குடும்பம் நடத்துகிறார்கள்.

"சின்னப் பிள்ளைக்கு மாறாத ஒன்று வேண்டும். ஒரே மாதிரி வாங்க, ஒரே மாதிரி போங்க" என்று நிலையத்து ஆலோசகர் சொன்னதைப் பெனிட்டா வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். மஞ்சள் சுடிதார், நீளப் பின்னல். டிங் டிங். "செரின் குட்டி, அம்மா வந்தாச்சு!" சாப்பிட்டது ஒன்று, பார்த்த மீன் ஒன்று, முத்தம் ஒன்று. "போயிட்டு வாரேன்!" தினமும் காலை எட்டு பத்துக்கு, நானூறுக்கும் மேற்பட்ட கீற்றுகள், ஒன்றுகூடப் பிசகவில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் வார்ப்பு அவளைச் சிரிக்கவைத்தது. அவள் பின்னலை வெட்டிக் கிராப்பு வைத்துக்கொண்டதும், ஒன்பது கிலோ இளைத்ததும் மேலே யாருக்கும் தெரியாது. ஒரு நாள் பேச்சின் நடுவே விம்மி அழுதே விட்டாள். வார்ப்பில் அழுகைக்கு இடம் இல்லை. அதனால் அதை முத்தமாக்கி வீட்டில் காட்டிவிட்டது.

பொம்மை வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள். மக்ரூன் வாங்கிக் கொடுத்தாள். "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று வாங்கித் தின்றுவிட்டு, மறுபடி பலகையின் முன்னால் போய் உட்கார்ந்தது பிள்ளை. பலகை இருண்டு கிடந்தது. மூன்றாம் நாள் "அம்மா வரல, அம்மா வரல" என்று தரையில் புரண்டு அழுதது. அம்மாவோ இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, தன்னைத் தேடி அழும் பிள்ளையைத் தூக்கவும் முடியாமல் தவித்தாள்.

"என்னங்க, அந்த மஞ்சள் சுடிதாரு எங்க இருக்கு?" என்றாள் நான்காம் நாள் காலையில்.

சுடிதார் தொளதொளத்தது. கிராப்புக்குக் கீழே ஒரு சவுரியைக் குத்திக்கொண்டாள். எட்டு பத்துக்கு ரெமிஜியுஸ் டம்ளரில் கரண்டியால் தட்டினான். டிங் டிங். படுக்கையறை வாசலில், நிலைச்சட்டத்துக்குள் நெட்டையாக நின்று, தலையைச் சாய்த்தாள் பெனிட்டா.

"செரின் குட்டி, அம்மா வந்தாச்சு!"

"அம்மா!" என்று பிள்ளை அலறிய அலறலில் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். ஓடி வந்து முன்னால் உட்கார்ந்து, கண் இமைக்காமல் கேட்டது. மீன் வந்தது, முத்தம் வந்தது, "போயிட்டு வாரேன்" வந்தது. பெனிட்டா மட்டும் போகவில்லை. ஆசையாகக் கையை நீட்டினாள். செரினின் முகம் கோணியது.

"போ! நீ போயிட்டு வாரேன் சொல்லிட்டல்ல?"

கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ள வேண்டியதாயிற்று. மதியத்துக்குள் இருபத்திரண்டு தடவை வந்து, இருபத்திரண்டு தடவை போனாள். ரெமிஜியுஸ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் முடியவில்லை. ஆனாலும் விடவில்லை. முப்பது விநாடியை முப்பத்தைந்தாக இழுத்தாள், பிறகு நாற்பது. இரண்டு மீன், மூன்று மீன். மறுநாள் நிலையைத் தாண்டி ஓரடி வைத்தாள். அதற்கும் மறுநாள் சவுரியைக் கழற்றிவிட்டு வந்தபோது பிள்ளை முறைத்தது, ஆனால் விரட்டவில்லை. அன்றைக்கு ஆன்ட்டி என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பெனிட்டாவுக்கு அதுவே கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் முறத்தை வைத்துக்கொண்டு இறால் உரித்துக்கொண்டிருந்தாள். போட்டிருந்தது பழைய நைட்டி. ரெமிஜியுஸ் பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தான்.

டிங் டிங் என்றது ஒரு சின்னக் குரல்.

படுக்கையறை வாசலில் செரின் நின்றாள். மஞ்சள் துப்பட்டா கழுத்தில் தொடங்கித் தரையில் கிடந்தது. தலை சாய்ந்திருந்தது.

"பெனிக் குட்டி, செரின் வந்தாச்சு! செரின் தோச சாப்ட்டேன். ஒரு மீன் பாத்தேன். மீன் மொட்டமாடில இருந்துச்சு. கா கான்னுச்சு."

பெனிட்டா உரித்த இறாலை அப்படியே போட்டுவிட்டு, இரண்டு கையையும் நீட்டினாள். "ஏட்டி, வாட்டி இங்க. அம்மா தூக்கிக்கிடுதேன்."

செரின் அதைக் காதில் வாங்கவில்லை. கீற்றுக்கு ஏது காது? உதட்டைக் குவித்து ஒரு முத்தம் அனுப்பினாள். "போயிட்டு வாரேன்!" துப்பட்டா இழுபட, கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

"செரின்! ஏ செரின்!"

ரெமிஜியுஸ் சிரித்துக்கொண்டே, "இனி நாளைக்கு எட்டு பத்துக்குத்தான்" என்றான். பெனிட்டா சிரிக்கவில்லை.

"என்னங்க, இத்தன நாளும் அந்தப் பலகைகிட்ட இவ என்ன சொல்லுவா?"

அவன் பூண்டை முறத்தில் வைத்தான். "ஒண்ணும் சொல்ல மாட்டா. ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நிப்பா. நீ மீனப் பத்திச் சொல்லிக்கிட்டு இருப்ப. அப்புறம் போயிட்டு வாரேன்னுட்டுப் போயிருவ."

"தினமுமா?"

"தினமும்."

"ஏங்க எனக்கு ஒரு வார்த்த எழுதல?"

"எழுதியிருந்தா, அவ்வளவு ஆழத்துல இருந்துகிட்டு நீ என்ன செய்வ பெனி?"

இறால் வாடையடிக்கும் அவள் கைகள் இன்னும் கதவைப் பார்த்து நீண்டிருந்தன. கதவோரத்தில் ஒரு கண் தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. அப்படி எட்டிப் பார்ப்பதெல்லாம் வார்ப்பில் கிடையாது.

கை வலித்தது. பெனிட்டா கையை இறக்கவில்லை.